சிறு படகில் பெரிய மீன்: நான்கு நாள் தூண்டில் பயிற்சி ஒன்றின் மதிப்பீடு

பயிற்சியின் முதல் நாள் முழுவதும் படகு கரையிலேயே கிடந்தது. கடலில் பெரிய மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று பதிவு செய்திருந்த ஐந்து பேரும் விடியும் முன்பே மிதவைச் சட்டை அணிந்து வந்து நின்றோம். பயிற்றுநரோ ஒரு சுருள்வில் தராசையும் மணல் நிரப்பிய ஒரு வாளியையும் எங்கள் முன் வைத்து, "தம்பிகளா, இன்றைக்கு இந்த வாளியை அசைத்துக் காட்டுங்கள், நாளைக்குக் கடலைப் பார்க்கலாம்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சொந்தமாகத் தூண்டில் போட்டு வருகிறவன் நான். சங்கராவும் கானாங்கெளுத்தியும் தாராளமாகக் கிடைத்தன. ஆனால் கனமான மீன் மாட்டும் ஒவ்வொரு முறையும் தூண்டில் நரம்பு அறுந்தது. ஒவ்வொரு முறையும் அதைவிடத் தடித்த நரம்பை வாங்கினேன். மணல் வாளியிடம் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலைக்குள் அந்த எண்ணம் போய்விட்டது. இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் அந்த முதல் நாள்தான் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நரம்பு சுற்றிய ரீலில், எவ்வளவு இழுப்புக்கு நரம்பு வெளியே ஓடும் என்பதை முடிவு செய்யும் தடையமைப்பை, அதாவது டிராக் என்று எல்லோரும் சொல்வதை, பெரும்பாலோர் கையால் நரம்பை இழுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பயிற்றுநர் எங்கள் ஐவரையும் அப்படியே கைக்கணக்கில் ஐந்து கிலோவுக்கு வைக்கச் சொன்னார். பிறகு தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தபோது ஒருவருடையது மூன்றையும் இன்னொருவருடையது எட்டையும் காட்டியது. நரம்பு தாங்கக்கூடிய எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக் இருக்கக் கூடாது என்பது அவர் சொன்ன முதல் விதி. பதினைந்து கிலோ நரம்புக்கு ஐந்து கிலோ. மீதியுள்ள பத்துக் கிலோ சும்மா இருக்கும் இருப்பு அன்று. முடிச்சில் குறையும் வலிமை, கோலின் வளையங்களில் ஏற்படும் உராய்வு, நீருக்குள் நீண்டு வளைந்து கிடக்கும் நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும் இழுப்பு, மீன் திடீரென்று தலையை உதறும்போது விழும் அடி ஆகிய எல்லாம் அந்தப் பத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

இதற்கடுத்து அவர் செய்து காட்டியதுதான் எனக்குத் தெரியாதது. ஒரு மாணவரை நரம்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அவர் போய்க்கொண்டே இருக்க, ரீலின் சுருள் மெலிந்துகொண்டே வந்தது. டிராக் திருகை யாரும் தொடவில்லை. சுருளின் விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்த நிலையில் மறுபடியும் தராசைக் கட்டியபோது ஐந்து கிலோவாக இருந்தது ஏழரைக்கு வந்திருந்தது. விட்டம் பாதியானால் அது பத்தாகிவிடும். உள்ளே இருக்கும் தட்டுகள் தரும் முறுக்குத் தடை மாறுவதில்லை. அது செயல்படும் ஆரம் சிறியதாகும்போது நரம்பில் விழும் இழுப்பு அதே விகிதத்தில் கூடுகிறது. பள்ளியில் நெம்புகோல் படித்த எவரும் யோசித்தால் விளங்கிவிடும் செய்திதான். ஆனால் மீன் நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு ஓடும்போது நாம் என்ன செய்கிறோம்? நரம்பு தீர்ந்துவிடுமே என்று பதறித் திருகை இறுக்குகிறோம். ஏற்கெனவே கூடிவிட்ட இழுப்பின் மேல் நம் பங்கையும் சேர்த்து அறுத்து எறிகிறோம். தளர்த்த வேண்டிய நேரத்தில் இறுக்குகிறவன் என்று என்னை அன்றுதான் அடையாளம் கண்டேன்.

மணல் வாளியின் வேலை அதற்குப் பிறகு வந்தது. கோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து வாளியை இழுக்க முயன்றால் கோல் அழகாக வளைகிறது, கை வலிக்கிறது, வாளி அசைவதில்லை. தராசில் பார்த்தால் இரண்டு கிலோ அளவுக்குக்கூட இழுப்பு விழவில்லை. அதே கோலைத் தாழ்த்தி, நரம்புக்கும் கோலுக்கும் இடையிலான கோணத்தைக் குறைத்துப் பிடித்தபோது தடித்த அடிப்பகுதி வேலை செய்யத் தொடங்கியது, வாளி நகர்ந்தது. கோலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அது மீனுக்கு ஓய்வு கொடுக்கும் நிலை. சில சமயம் கோலின் நுனியை ஒடிக்கும் நிலையும்கூட.

முடிச்சுகளுக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது. பின்னல் நரம்பையும் முள்ளுக்கு முன்னால் வரும் நைலான் துண்டான லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சைக் காற்றில் ஆடும் படகில் கட்ட முடியாதவர்கள் கரையிலேயே கட்டிவர வேண்டும் என்பதும், எந்த முடிச்சையும் நனைத்துத்தான் இறுக்க வேண்டும் என்பதும் அதில் தேறிய செய்திகள். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் முள்ளுக்கு மேல் ஒரு சாண் அளவுக்குக் கம்பி வேண்டும். அவற்றின் பற்களுக்கு எந்த நரம்பும் ஈடில்லை. அதைவிட நீளமாக வைத்தால் தெளிந்த நீரில் மீன் கம்பியைப் பார்த்து விலகிவிடும்.

இரண்டாம் நாள் படகு புறப்பட்டது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள திறந்த ஃபைபர் படகு, பின்னால் ஒற்றை அவுட்போர்டு இயந்திரம். படகோட்டியாகவும் பயிற்றுநரே இருந்தார். எரிபொருளை மூன்றாகப் பிரித்துப் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று என்று கணக்கு வைத்தது, இயந்திரத்தை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றைக் காலில் மாட்டாமல் ஒருமுறைகூட இயந்திரத்தைக் கிளப்பாதது, விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும் முறையை ஐவரையும் தனித்தனியே சொல்லிப் பார்க்கச் செய்தது ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். இவற்றில் எதையும் அவர் சடங்காகச் செய்யவில்லை.

அன்றைய பாடம் மீன் எங்கே நிற்கும் என்பது. பார், அதாவது கடலடியில் உள்ள பாறைத் திட்டு, முழுவதும் மீன் இருக்கும் என்று எண்ணி அதன் நடுவில் நங்கூரம் போடுவதுதான் என் வழக்கம். பெரிய மீன் வலிமையை வீணாக்காது. நீரோட்டம் வந்து மோதும் முன்விளிம்பில், சிறு மீன்கள் திரளும் இடத்துக்குச் சற்றே கீழாகவோ ஓரமாகவோ, ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் என்றார் அவர். ஆகவே படகை நிறுத்த வேண்டிய இடம் பார் அன்று. இரை மிதந்துசென்று பாரின் முன்விளிம்பை அடையும்படி, ஓட்டம் வரும் திசையில் தள்ளிய ஓர் இடம். அதைக் கண்டுபிடிக்க அவர் காட்டிய வழி மிக எளியது. பாருக்குச் சற்றுத் தொலைவிலேயே இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் சும்மா இருந்தால், காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகை எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் தள்ளுகின்றன என்பது ஜிபிஎஸ் திரையில் கோடாக விழுந்துவிடும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் மிதப்பைத் தொடங்க வேண்டிய இடம் கிடைக்கும். கரையில் உள்ள இரண்டு பொருள்களை ஒரே நேர்கோட்டில் பார்த்து, வேறொரு திசையில் இன்னொரு சோடியையும் பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தை நினைவில் வைக்கும் கணியம் முறையையும் அவர் விடாமல் கற்றுத் தந்தார். மின்கலம் தீர்ந்துபோனால் திரை இருண்டுவிடும், கணியம் இருண்டுவிடாது.

நங்கூரம் போட வேண்டியிருந்தால் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும். பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு அறுபது மீட்டர். எந்நிலையிலும் அதை அமரத்தில், அதாவது படகின் பின்புறத்தில் கட்டக் கூடாது. தாழ்ந்த பின்புறமுள்ள சிறு படகை நீரோட்டம் பின்பக்கமாக இழுத்துப் பிடித்தால் அலை உள்ளே ஏறிவிடும். கயிற்றின் முனையில் மிதவை கட்டியிருந்ததால், மீன் ஓடத் தொடங்கியதும் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் பின்னால் போகவும், பிறகு திரும்பி வந்து மிதவையைப் பிடிக்கவும் முடிந்தது. சிறு படகு பெரிய படகைவிட வசதியாக இருக்கும் இடங்களில் இது ஒன்று. மீன் நம்மை இழுக்கட்டும். நாமும் அதன் பின்னால் போய் நரம்பைச் சுருளில் மீட்டுக்கொள்ளலாம், சுருள் பருத்தால் இழுப்பும் குறையும். முதல் நாள் தராசில் பார்த்தது இங்கே படகு ஓட்டும் முறையாக மாறியது.

நீருக்கடியில் உள்ள மீனைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் பற்றிய பகுதியையும் பாராட்ட வேண்டும். திரையில் தெரியும் வளைவு மீனின் வடிவம் என்று நானும் நம்பியிருந்தேன். கூம்பாக விரிந்து கீழே போகும் ஒலி அலைக்குள் மீன் நுழையும்போது தொலைவு அதிகம், நேர் கீழே வரும்போது குறைவு, விலகும்போது மறுபடியும் அதிகம், அதனால்தான் வளைவு. படகும் மீனும் அசையாமல் இருந்தால் வளைவே விழாது, நீண்ட கோடுதான் விழும். எனவே நீளமான வளைவு என்பது பெரிய மீனைக் காட்டிலும் நெடுநேரம் கூம்புக்குள் நின்ற மீனையே குறிக்கும். கோட்டின் தடிமனைத்தான் கவனிக்க வேண்டும். எதிரொலியின் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருவதால், காற்றுப்பை இல்லாத வஞ்சிரம் திரையில் மிக மங்கலாகவே தெரியும். திரையில் ஒன்றும் இல்லை என்று வஞ்சிரம் நின்ற எத்தனை இடங்களை நான் விட்டு நகர்ந்தேனோ!

மூன்றாம் நாள் உயிர் இரை. காலையில் சிறு முட்கள் கோத்த நரம்பால் கானாங்கெளுத்தியும் மத்தியும் பிடித்து, மூலைகள் இல்லாத வட்டத் தொட்டியில் நீரை மாற்றிக்கொண்டே வைத்தோம். சதுரத் தொட்டியின் மூலையில் முட்டி முட்டியே மத்தி செத்துவிடும் என்பதும், உலர்ந்த கையால் தொட்டால் செதிள் உதிர்ந்து அரை மணியில் சோர்ந்துவிடும் என்பதும் சிறிய செய்திகள் போலத் தோன்றலாம். துடிப்பான இரைக்கும் சோர்ந்த இரைக்கும் உள்ள வேறுபாட்டை அன்று மீன்களே எங்களுக்குக் காட்டின. நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் பயன்படுத்தும்போது கோலை வெட்டி இழுக்கக் கூடாது. மீன் இரையை வாங்கித் திரும்பும்வரை பொறுத்து, நரம்பு இறுகும்போது மெல்லச் சுற்றினால் முள் தானாகவே வாயின் ஓரத்தில் போய் மாட்டும். நான் பழக்கதோஷத்தால் மூன்று முறை வெட்டி இழுத்து மூன்று மீன்களின் வாயிலிருந்து இரையைப் பிடுங்கினேன். நான்காவது முறை பயிற்றுநர் என் வலக்கையைத் தம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மாட்டியது ஒரு பாறை மீன். அது ஓடிய வேகத்தையும் நான் திருகைத் தொடாமல் இருந்ததையும் எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதே நரம்பு அறுந்தது. சுற்றி எடுத்துப் பார்த்தால் பின்னல் நரம்பின் முனை உரசித் தேய்ந்திருந்தது. கோலின் மேலிருந்து மூன்றாவது வளையத்தின் உட்பூச்சில் மயிரிழை அளவு விரிசல். பயிற்சியின் கடுமையான குறை இது. கருவிகளைத் தாங்களே தருவதாகச் சொல்லும் ஒரு சேவை, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை நுழைத்து இழுத்துப் பார்த்திருந்தாலே அந்த விரிசல் பஞ்சைப் பற்றிக் காட்டியிருக்கும். பயிற்றுநர் உடனே தவறை ஒப்புக்கொண்டு மாற்றுக் கோல் தந்தார். ஆனால் அந்தக் கோலின் ரீலிலும் உப்புப் பூத்து, டிராக் சீராக வழுகாமல் விட்டுவிட்டு இழுத்தது. முதல் நாள் அத்தனை நுணுக்கமாகக் கற்றுத் தந்தவர்கள் தங்கள் கருவிகளை இப்படி வைத்திருப்பது பொருந்தவில்லை.

இன்னொரு குறை எண்ணிக்கை. ஐந்து மாணவரும் பயிற்றுநரும் ஆக ஆறு பேர் ஐந்தரை மீட்டர் படகில் உட்காரலாம். மீன் பிடிக்க முடியாது. ஒருவர் மீனுடன் போராடும்போது மற்ற நால்வரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. கனமான மீனைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் சிறு படகு கவிழும். ஆனால் அதன் விளைவாக, நான்கு நாளில் என் கையில் மீன் இருந்த நேரத்தைவிட மற்றவரின் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமே மிகுதி. பார்ப்பதிலும் கற்கலாம் என்பதை மறுக்கவில்லை. இருப்பினும் மூவருக்கு மேல் ஒரு படகில் ஏற்றக் கூடாது.

நான்காம் நாள் பாரின் விளிம்பில் சிக்கிய களவாதான் எங்கள் ஐவரில் மூத்தவருக்குக் கிடைத்த பெரிய மீன். அங்கே முன்பு சொன்ன மூன்றில் ஒரு பங்கு விதி தளர்ந்தது. களவா ஓடுவதில்லை, இரையை வாங்கியதும் இரண்டே நொடியில் தன் பொந்துக்குள் திரும்பிச் செவுளை விரித்து நின்றுகொள்ளும். அதற்குத் தடித்த நரம்பும் இறுகிய டிராக்கும் முதல் சில சுற்றுகளில் விடாத இழுப்பும் வேண்டும். வஞ்சிரமோ திறந்த நீரில் நேராக ஓடும். சிறு முட்கள் அதன் வாயைக் கிழித்துவிடாமல் இருக்க டிராக்கைத் தளர்த்தியே வைக்க வேண்டும். எந்த மீனுக்கு எந்தத் தடை என்பதைக் கரையிலேயே முடிவு செய்யாமல் படகேறுவதால் பயனில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அன்றே இன்னொருவருக்கு மாட்டிய சூரை படகின் நேர் கீழே போய் வட்டமிடத் தொடங்கியது. இருபது நிமிடம் இழுத்தும் ஏறவில்லை. பயிற்றுநர் படகை மெல்ல முன்னால் நகர்த்தி நரம்பின் கோணத்தைச் சாய்த்ததும், அதுவரை கல் போல் கிடந்த மீன் ஐந்து நிமிடத்தில் மேலே வந்தது. கைவலிமையால் முடியாததைப் படகு செய்து முடித்ததை அவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மீன் படகுக்குள் வந்த பிறகு இந்தப் பயிற்சி சட்டென்று மெலிந்துவிடுகிறது. சூரையை வைக்கப் போதிய பனிக்கட்டி இல்லை. ஈரச் சாக்கால் மூடி வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உருவாகிறது. பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது அழிவதில்லை. வெப்பமண்டலப் பார்களில் வாழும் பெரிய சீலாவிலும் களவாவிலும் சேரும் சிகுவாட்டெரா நச்சும் அப்படித்தான். சமைத்தாலும் போகாது, சுவையிலும் தெரியாது, வயது கூடிய பெரிய மீனில்தான் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. பெரிய மீனைப் பிடிக்கக் கற்றுத் தரும் இடத்தில், பெரிதாக இருப்பதாலேயே வரும் இந்த ஆபத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாதது எனக்கு வியப்பளித்தது.

எதைத் திருப்பி விடுவது என்பதும் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். அதில் பெரியதெல்லாம் முட்டையிடும் தாய். களவா இனங்கள் பலவற்றில் இது தலைகீழ். பெண்ணாகத் தொடங்கிப் பெரிதானதும் ஆணாகின்றன. இரண்டிலும் பெரியவற்றை மட்டும் தேடி எடுத்தால் ஒரு பாலே குறைந்துபோகும். முப்பது மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனின் காற்றுப்பையில் உள்ள காற்று மேற்பரப்புக்கு வரும்போது நான்கு மடங்காக விரிகிறது. அப்படிப் புடைத்த களவாவை வெறுமனே நீரில் விட்டால் அது மிதந்துகொண்டே சாகும். எடை கட்டிய கொக்கியால் அதை மறுபடியும் ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் கருவி எளியது, அவர்கள் படகில் அது இருக்கவும் செய்தது. இரண்டு சிறு களவாக்களை விட்டபோது யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

இவ்வளவு குறையிருந்தும், கரையோரக் கடலில் சிறு மீனோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைக்கிறேன். தூண்டிலையே முதன்முறையாகப் பிடிக்கிறவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இழந்த மீன்களின் நினைவு இல்லாதவருக்கு அந்த மணல் வாளி வெறும் வாளியாகவே தெரியும். பதிவு செய்யுமுன் அன்றைய படகில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கோலும் ரீலும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே கொண்டுபோங்கள். பனிப்பெட்டியையும் உங்கள் பொறுப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த மறுநாள் நான் வாங்கியது ஒரு சுருள்வில் தராசு. இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திய என் சொந்த ரீலில் டிராக்கை எப்போதும் போலக் கைக்கணக்கில் வைத்துவிட்டுத் தராசைக் கட்டி இழுத்தேன். சுருள் நிறைந்திருந்த நிலையிலேயே முள் ஒன்பது கிலோவைத் தொட்டது. அந்த ரீலில் முதன்முதலில் நான் போட்டிருந்த நரம்பு பத்துக் கிலோ தாங்குவது.